வெயில் வாங்கப் போகிறவர்கள்

லண்டனில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் என் சிநேகிதர் ஒருவர் பிப்ரவரி மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் என்றால் தபால்காரர் கொண்டுவந்து போடுவது அல்ல, கைப்பேசியில் வருவதுதான். ஆனாலும் மனிதர் பழைய பழக்கத்தை விடாமல், 'நலம், நலமறிய அவா' என்று ஆரம்பித்து, குளிரைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பிவிட்டு, கடைசியில் ஒரு பட்டியலையும் இணைத்திருந்தார். 'மார்ச் மாதத்தில் உஷ்ணமாக இருக்கும் பத்து ஐரோப்பிய நகரங்கள்' என்பது அதன் தலைப்பு. ஒவ்வொரு நகரத்தின் பெயருக்கும் எதிரில் ஓர் எண். ஸெவில் 22. லிஸ்பன் 19. ஏதென்ஸ் 17. இப்படிப் போயிற்று.

"நாலு நாள் லீவு இருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும்கூட வருகிறார்கள். நீங்கள் அந்தப் பக்கமெல்லாம் சுற்றியவர். இதில் எது நல்ல உஷ்ணம் என்று ஒரு வார்த்தை எழுதினால் டிக்கெட் வாங்கிவிடுவேன்" என்று முடித்திருந்தார்.

நல்ல உஷ்ணம்! வெந்நீர் அண்டாவில் விரலை விட்டுப் பார்த்துப் பதம் சொல்லு என்பது போன்ற கேள்வி.

எனக்குக் கோபம் வந்தது. சிநேகிதர்மேல் அல்ல, அவர் பாவம், நவம்பரிலிருந்து சூரியனை முழுசாகப் பார்க்காதவர். அந்தப் பட்டியலின்மேல் வந்தது. பிப்ரவரி பிறந்துவிட்டால் வட ஐரோப்பாவின் பத்திரிகைகளும் விளம்பரங்களும் இந்தப் பட்டியலைத்தான் வெவ்வேறு தலைப்பில் அச்சடித்துத் தள்ளுகின்றன. மூவாயிரம் வருஷத்து ஏதென்ஸையும், அராபியரும் கிறிஸ்தவரும் மாறி மாறிக் கட்டிய ஸெவிலையும், கத்திரிக்காய்க்குப் பக்கத்தில் விலை எழுதுவதைப்போல் எண் எழுதி அடுக்கிவைக்கிறார்கள். அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. பொய்யாக இருந்தால் சண்டை சுலபம். அது உண்மையாக இருந்துகொண்டே ஏமாற்றுகிறது.

அந்த 22 என்பது என்ன? ஊருக்கு வெளியே, விமான நிலையத்து மைதானத்தில், வெள்ளை வர்ணம் பூசிய பெட்டி ஒன்றுக்குள், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, நிழலில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அது ஏறுகிற உச்சத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த உச்சங்களை மாதம் முழுவதற்கும் கூட்டி, அப்படி முப்பது வருஷத்து மார்ச்சுகளைச் சேர்த்து வகுத்தால் கிடைப்பதுதான் 22. பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் அந்த உச்சம் நிற்கும். விடிகாலையில் அதே ஸெவிலில் 9 அல்லது 10 டிகிரி. பட்டியல் போடுகிறவர் அதை எழுதமாட்டார். எழுதினால் டிக்கெட் விற்காது.

அதுவும் சராசரி. சராசரியில் எவனும் குடியிருந்ததில்லை. பந்தியில் உட்கார்ந்த ஐந்து பேரில் ஒருவனே பத்து லட்டையும் தின்றுவிட்டுப் போனால், ஆளுக்கு இரண்டு லட்டு என்று கணக்கு எழுதலாம். மற்ற நால்வருக்கும் நாக்கில் தித்திப்பு வந்துவிடுமா? 27 டிகிரியில் சட்டையைக் கழற்றத் தோன்றும் நாளும், 15 டிகிரியில் நாள் பூராவும் மழை பிடித்துக்கொள்ளும் நாளும் அந்த 22க்குள்தான் ஒளிந்திருக்கின்றன. நாலே நாளுக்குப் போகிறவருக்கு முப்பது வருஷத்துச் சராசரி கிடைக்கப்போவதில்லை. அவருக்குக் கிடைக்கப்போவது அந்த நாலு நாள்.

இன்னொன்றும் என் சிநேகிதருக்கு எழுதினேன். அவர் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னையில் மார்கழி விடிகாலைகளில் 20, 21 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிருக்குத் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, இரண்டாவது டம்ளர் காப்பிக்குக் குரல் கொடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தகப்பனாரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸெவிலின் மார்ச் நடுப்பகல் என்பது மயிலாப்பூரின் மார்கழி விடிகாலை. அதைத்தான் இவர் உஷ்ணம் என்று விலை கேட்கிறார். இதற்காக அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. ஆனால் இருபது வருஷத்தில் தோல் மாறிவிடுகிறது என்பதும் வாஸ்தவம். அதை விட்டுவிடுகிறேன்.

நான் ஸெவிலுக்குப் போனதும் ஒரு மார்ச் மாத நடுவில்தான். பழைய நகரத்தின் சந்து ஒன்றில் ஜாகை. தெருவில் நல்ல வெயில். மனசுக்கு இதமாக இருந்தது. உள்ளே நுழைந்தேன். நுழைந்ததும் ஏதோ கிணற்றுக்குள் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. காலுக்குக் கீழே வழவழவென்று ஓடு, உயரமான கூரை, வெயில் எட்டிக்கூடப் பார்க்காத ஜன்னல். செருப்பைக் கழற்றிவிட்டு நாலு அடி வைத்ததும் திரும்பி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாள், எழுபது வயசு இருக்கும், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு வட்ட மேஜை. தரையைத் தொடுகிற கனத்த துணி அதற்குப் போர்த்தியிருந்தது. துணியைத் தூக்கி, காலை உள்ளே விடச் சொன்னாள். உள்ளே கணகணவென்று சூடு! மேஜைக்கு அடியில் கணப்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கரித்தணல் போட்ட தாம்பாளம், இப்போது மின்சாரக் கம்பிச் சுருள். குளிர் காலம் முழுவதும் குடும்பமே அந்த மேஜையைச் சுற்றி, இடுப்புவரை துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஐரோப்பாவின் உஷ்ணமான நகரத்தில்!

இது வீட்டின் குற்றம் அல்ல. அந்த வீட்டைக் கட்டினவன் மார்ச்சை நினைத்துக் கட்டவில்லை. ஜூலையை நினைத்துக் கட்டினான். ஜூலையில் அங்கே நடுப்பகல் உச்சத்தின் சராசரியே 36 டிகிரி. 40ஐத் தாண்டுவதும் சகஜம். தடித்த சுவர், சுண்ணாம்பு வெள்ளை, நடுவில் முற்றம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்து, கோடையில் கடைத்தெருவின் குறுக்கே இழுத்துக்கட்டும் கித்தான் பந்தல் எல்லாம் வெயிலைத் துரத்துவதற்குச் செய்த ஏற்பாடுகள். 2022 ஜூலையில், புயலுக்குப் பெயர் வைப்பதுபோல் வெப்ப அலைக்கும் 'ஸோயி' என்று உலகத்திலேயே முதன்முதலாகப் பெயர் வைத்த ஊர் அது. எதிரிக்குத்தான் அப்படிப் பெயர் சூட்டி அடையாளம் வைத்துக்கொள்வார்கள். உஷ்ணத்தைத் தேடிக்கொண்டு நாம் போய் இறங்குவது, உஷ்ணத்துக்குப் பயந்து ஒவ்வொரு செங்கல்லையும் வைத்த வீட்டில்.

கடிகாரம் வேறு காலை வாரிவிடும். ஸ்பெயின் தேசம் 1940இலிருந்து மத்திய ஐரோப்பாவின் மணியை வைத்துக்கொண்டிருக்கிறது. ஸெவிலோ லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. ஆகவே மார்ச் நடுவில் அங்கே சூரியன் உதிப்பது ஏழரை மணிக்கு. உச்சிக்கு வருவது பகல் ஒன்றரை மணிக்கு. தெர்மாமீட்டர் உச்சத்துக்கு ஏறுவது நாலு மணிக்குமேல். நம்மவர் என்ன செய்கிறார்? கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று எட்டு மணிக்கே குளித்து உடுத்துத் தெருவில் நிற்கிறார். பற்கள் கிட்டுகின்றன. 'எங்கே ஐயா 22?' என்று கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார். அந்த ஊர்க்காரனோ பதினொரு மணிவரை கோட்டைக் கழற்றமாட்டான்.

மழை இருக்கிறதே, அது பட்டியலில் இடம்பெறாத இன்னொரு பிரஜை. 2024இல் மார்ச் 24 முதல் 31வரை ஸெவிலின் புனித வாரம். சகோதரத்துவ சங்கங்கள் வருஷம் பூராவும் தயார் செய்து, கன்னி மரியாளின் திருவுருவங்களைச் சுமந்து விடிய விடிய ஊர்வலம் வருகிற வாரம். 'நெல்ஸன்' என்ற புயல் வந்தது. பெரிய வியாழன் இரவு விடிந்து வெள்ளிக்கிழமையாகும் நேரத்தில் புறப்பட வேண்டிய ஆறு ஊர்வலங்களில் ஒன்றுகூடக் கோயில் வாசலைத் தாண்டவில்லை. 2025 மார்ச்சில் மறுபடியும் புயலுக்குமேல் புயலாக ஸ்பெயினை நனைத்தது. இதையெல்லாம் துரதிருஷ்டம் என்று வெளியூர்க்காரர் சொல்லலாம். ஆனால் 2024இன் அந்த மழைக்குமுன் ஆண்டலூஸியா வருஷக்கணக்காக வறண்டு கிடந்தது. அணைகளில் தண்ணீர் இல்லை. ஊர்வலம் நின்றதற்காகக் கண்ணீர் விட்ட அதே ஜனங்கள், அணையில் தண்ணீர் ஏறியதற்காகக் கடவுளைக் கும்பிட்டார்கள். ஹோட்டல் வாசலில் நின்று வானத்தைத் திட்டியவருக்கு அந்த இரண்டில் ஒன்றும் தெரியாது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடிப் பெருக்கன்று வந்து இறங்கி, 'இந்த ஆற்றில் ஏன் இவ்வளவு தண்ணீர்? மணலில் உட்காரலாம் என்று வந்தேனே!' என்று கேட்பவரை நாம் என்னவென்று நினைப்போம்?

கடலைப் பற்றி நீட்டவேண்டாம். மத்தியதரைக் கடல் ஒரு கனத்த பாத்திரம். மெல்லத்தான் சூடேறும், மெல்லத்தான் ஆறும். கோடையில் வாங்கிய சூட்டைச் சிறுகச் சிறுக விட்டு, அது தன் கடைசிக் குளிருக்கு வந்து சேருவது பிப்ரவரி, மார்ச்சில்தான். மலாகாக் கரையில் அப்போது தண்ணீர் 15 டிகிரி. காலை நனைத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியல் எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரியும். அதனால்தான் கடைசியில் லாஸ் பால்மாஸ், டெனெரீஃப் என்று இரண்டு பெயரைச் செருகிவிடுகிறார்கள். அங்கே மார்ச்சிலும் 21, 22 டிகிரி, இரவிலும் அவ்வளவாக இறங்காது, வாக்குத் தவறாது. ஆனால் அவை கானரித் தீவுகள். கொடி ஸ்பெயினின் கொடி. இடமோ ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே, கிட்டத்தில் இருக்கும் தீவு மொராக்கோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஐரோப்பாவில் மார்ச் மாதத்தில் நம்பகமான வெயில் வேண்டுமானால் ஐரோப்பாவை விட்டு வெளியே போக வேண்டும் என்பதை இவர்களே இப்படி ஒப்புக்கொள்கிறார்கள்.

'சரி, அப்படியானால் நாங்கள் இருட்டிலேயே கிடக்க வேண்டுமா?' என்று சிநேகிதர் கேட்பது காதில் விழுகிறது. அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு உண்மையிலேயே ஒன்று குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உஷ்ணம் அல்ல. உஷ்ணம் அவர் வீட்டுக் குழாயிலேயே வருகிறது. ஸெவில் அம்மாளின் வீட்டைவிட லண்டன் வீடு பத்து மடங்கு சூடு. அவருக்குக் குறைவது வெளிச்சம். மார்ச் 20 வாக்கில் லண்டனிலும் ஸெவிலிலும் பகல் ஏறக்குறைய ஒரே அளவுதான், பன்னிரண்டு மணி நேரம். ஆனால் அன்று நடுப்பகலில் லண்டனில் சூரியன் 38 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஸெவிலில் 52 டிகிரிக்கு மேலே. மேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் லண்டனைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் அங்கே சூரியன் கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெள்ளைச் சுவருக்கு எதிரே ஒரு பெஞ்சியில் உட்கார்ந்தால் போதும். நாலு மாதத்து அழுக்கு மனசிலிருந்து கழன்று போகும். இது 15 டிகிரியிலும் நடக்கும். தெர்மாமீட்டருக்கு இதில் பாத்தியதை இல்லை.

இதை நைஸ் நகரத்துக்குப் போன பழைய ஆங்கிலேயர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே, நெஞ்சு நோய்க்காரர்களும் கையில் காசுள்ளவர்களும் குளிர் காலத்தை அங்கே போய்க் கழிப்பது வழக்கம். விக்டோரியா மகாராணியே 1895 முதல் 1899வரை வசந்தந்தோறும் அங்கே போய்ச் சில வாரங்கள் தங்கினார்; உடன் போன பரிவாரத்தில் நம் ஆக்ராக்காரரான முன்ஷி அப்துல் கரீமும் உண்டு. மகாராணியின் சபையில் அந்த மனிதரால் கிளம்பிய பொறாமைப் புகைச்சல் தனிக் கதை. நாவலுக்கு ஆகும், இங்கே வேண்டாம். நான் சொல்லவந்தது, அவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போய் இருந்தார்கள் என்பது. மழை பெய்தால் பெய்துவிட்டுப் போகட்டும் என்று ஜன்னலோரம் உட்கார அவர்களுக்கு அவகாசம் இருந்தது. அந்த ஊரின் புகழ்பெற்ற கடற்கரைச் சாலைக்கு 'ஆங்கிலேயர் உலாச்சாலை' என்றே பெயர். 1820களில், குளிர் கடுமையாகிப் பிழைப்பை இழந்து வந்த ஏழைகளுக்கு வேலை கொடுப்பதற்காக, அங்கிருந்த ஆங்கிலேயர்கள் பணம் போட்டுப் போட்ட பாதை அது. உஷ்ணத்துக்குப் பெயர்போன ஊரின் பெரிய அலங்காரமே ஒரு கடுங்குளிரின் ஞாபகார்த்தம்! 2021இல் யுனெஸ்கோ அந்த நகரத்தைக் குளிர்கால வாசஸ்தலம் என்ற பெயரிலேயே உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

அன்று போனவர்கள் சில ஆயிரம் பேர். இன்றைக்கு வெள்ளிக்கிழமை மாலை ஏறி, செவ்வாய்க்கிழமை காலை திரும்புகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். என் கோபத்தின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. குளிரில் நடுங்கினவர் இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுவார். அவருக்காக நான் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. அவர் படுத்தெழுந்து போன அந்த அறை யாருடையது?

நாலு பேர் கொண்ட குடும்பம் ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட, பழைய நகரத்தில் ஒரு வீட்டை நாள் வாடகைக்குப் பிடிப்பது மலிவு. சமையலறை வேறு, நம் பெண்மணிகளுக்கு ரஸம் வைத்துக்கொள்ள வசதி. எல்லாம் சரி. ஆனால் அந்த வீடு நேற்றுவரை ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ தையற்காரியோ மாத வாடகைக்குக் குடியிருந்த வீடு. மாதம் முழுவதும் அவர்கள் கொடுத்ததை நாம் சில நாளில் கொடுத்துவிடுகிறோம். வீட்டுக்காரன் கணக்குத் தெரிந்தவன். வாத்தியார் ஊருக்கு வெளியே போய்ச் சேருகிறார். நம் அறையைப் பெருக்கித் துடைக்க வருகிறவள் இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை. 2024 ஏப்ரல் 20ஆம் தேதி கானரித் தீவுகளின் தெருக்களில் பல்லாயிரம் பேர், எங்கள் தீவுகளுக்கு ஓர் எல்லை உண்டு என்று கூவிக்கொண்டு போனார்கள். 22 லட்சம் ஜனங்கள் வாழ்கிற இடம்; வருஷத்துக்கு வந்துபோகிறவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். அதே வருஷம் ஜூன் கடைசியில் மலாகாவில் ஊர்வலம், வீட்டு வாடகைக்காக. ஜூலையில் பார்ஸிலோனாவில், ஹோட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த யாத்திரிகர்கள்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். அது மரியாதைக் குறைவுதான். நான் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போ என்று சொல்லப்பட்டவன் கையில் கிடைத்தது தண்ணீர்த் துப்பாக்கியாக இருந்ததே என்று சந்தோஷப்படவேண்டும். அந்த நகரத்தின் மேயர், உல்லாசப் பிரயாணிகளுக்கு விடும் வீடுகள் சுமார் 10,000த்துக்கும் 2028 நவம்பருக்குப் பிறகு அனுமதி கிடையாது என்று அறிவித்துவிட்டார். மலாகா நகரசபையும் 2025 ஜனவரியில் 43 வட்டாரங்களில் புதிய அனுமதிகளை நிறுத்தியது.

'நம் பணத்தில்தானே அவர்கள் பிழைக்கிறார்கள்?' என்பார்கள். பாதி உண்மை. பணம் போகிறது, வாத்தியாரிடம் போகவில்லை. தவிர, அந்த ஊர் என்ன ஊர், அங்கே அந்த மாதத்தில் என்ன நடக்கிறது என்பது எதுவும் தெரியாமல், நாலு நாள் வெயில் காய்ந்துவிட்டுப் போக ஒருவருடைய வீட்டையே காலி செய்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

எனக்குத் தெரிந்து, மார்ச்சில் போகிறவர் மார்ச்சைத் தேடிக்கொண்டு போகவேண்டும். ஸெவிலின் தெருக்களில் பல்லாயிரம் நாரத்தை மரங்கள். பழம் பார்க்க லட்சணமாக இருக்கும், கடித்தால் நம் நாரத்தையைப்போலவே கசப்பும் புளிப்பும். (நான் கடித்தேன். எதிர்க்கடைக்காரர் எனக்காகவே காத்திருந்தவர்போல் சிரித்தார்.) ஆங்கிலேயர் ரொட்டியில் தடவித் தின்கிற கசப்பு மார்மலேடு இந்தப் பழத்தில்தான் ஆகிறது. அந்த மரங்கள் பூப்பது மார்ச்சில். சாயங்காலம் சந்துக்குச் சந்து அந்த வாசனை நிற்கும். ஜூலையில் லட்சம் கொடுத்தாலும் கிடைக்காது. வலென்ஸியாவில் மார்ச் 15 முதல் 19வரை ஃபாயாஸ் திருவிழா. தெருக்கூடுகிற இடத்திலெல்லாம் ஆள் உயரம், மாடி உயரம் பொம்மைகள் செய்து நிறுத்தி, ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் கேலி பண்ணி, பத்தொன்பதாம் தேதி இரவு கொளுத்திவிடுகிறார்கள். தச்சர்கள் பழைய மரச் சாமானை எரித்ததிலிருந்து வந்த வழக்கமாம். நம் போகிக்கு ஒன்றுவிட்ட தம்பி. மார்ச் முதல் தேதியிலிருந்தே தினம் பகல் இரண்டு மணிக்கு நகரமண்டபச் சதுக்கத்தில் வேட்டு வெடிப்பார்கள். இருதயம் பலவீனமானவர்கள் தள்ளி நிற்பது நல்லது. ஏதென்ஸில் மார்ச் 25 சுதந்திர தினம். வீட்டுக்கு வீடு உப்பிட்ட மீனைப் பொரித்துப் பூண்டுத் துவையலோடு தின்பார்கள். சைவர்களுக்குப் பூண்டுத் துவையலே போதும்.

இந்த மூன்றில் எதையும் மழை அடியோடு கெடுத்துவிடாது. குளிர் கெடுக்கவே கெடுக்காது.

இதையெல்லாம் சிநேகிதருக்கு எழுதினேன். ஊரை மார்ச் மாதத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள், ஹோட்டலிலேயே தங்குங்கள், ஸ்வெட்டரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், பதினொரு மணிக்குமுன் வெளியே போகாதீர்கள் என்று முடித்தேன். பத்து நாள் பதில் இல்லை. பிறகு இரண்டே வரி வந்தது.

"உங்கள் கட்டுரை கிடைத்தது. டெனெரீஃபுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். அங்கே வாக்குத் தவறாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

அதற்குக் கீழே அவர் மனைவி தனியாக எழுதியிருந்தாள்: "அண்ணா, இவருக்கு மூட்டுவலி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிடித்திருந்த வீட்டை வேண்டாமென்று எழுதிவிட்டேன். ஹோட்டலில்தான் தங்கப்போகிறோம். ரஸத்துக்கு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை."